ஒரு வாய் சர்பத்

"ஏத்தா, தேச்சுத் தேச்சு அந்த டம்ளர ஓட்ட போட்டுறாத. எப்படியும் எவளும் வாய் வைக்கப் போறதில்ல," என்றாள் ஜக்கம்மாள்.

பிச்சையம்மாள் காதில் வாங்கவில்லை. இரவல் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களை மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கரிமூட்டத்தில் விறகை எரித்துக் கரியாக்கும் வேலையில் வெந்து தடித்துப்போன விரல்களால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நன்னாரி சர்பத்தைக் கலக்கினாள்.

"குடிக்காட்டியும் போகுது. வந்து செத்த நேரம் ஒக்காந்தாப் போதும்."

ஜக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டவுன் சபைப் பெண்கள் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் வேன் பிடித்துக் காலனிக்கு வருவார்கள். அரிசிப் பை கொடுப்பார்கள், அந்நியரை உபசரிப்பதைப் பற்றி உருகி உருகிப் பேசுவார்கள். இங்கே தண்ணீர் நீட்டினால் மட்டும் உபவாசம் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே ஞானஸ்நானம்தான். தொண்டைதான் வேறு சாதி.

ஜக்கம்மாள் உபசரிப்பைப் பற்றிப் பேசியதே கிடையாது. போன வருஷம் பிச்சையம்மாள் ஒரு துணிப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, படுக்க இடம் கேட்டு வாசலில் நின்றாள். எந்த ஊர், என்ன கதை என்று ஜக்கம்மாள் தோண்டவில்லை. கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, பாயில் பாதியை விட்டுக்கொடுத்தாள். பிறகு ஜக்கம்மாள் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, குளிப்பாட்டி, கீழாநெல்லி அரைத்துப் புகட்டியது பிச்சையம்மாள்தான். இப்போது இருவருக்கும் ஒரே கூரை, ஒரே உலை.

இந்தத் தடவை ஜெபத்தை நம் வீட்டில்தான் வைக்கவேண்டும் என்று காலனிச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் கெஞ்சிக் கேட்டவளும் பிச்சையம்மாள்தான். ஜக்கம்மாளும் சரி என்றுவிட்டாள். ஒருத்தியாவது, ஒரு வாயாவது இந்த வீட்டில் குடிக்கிறாளா என்று பார்த்துவிடவேண்டும் அவளுக்கு.

வேன் வந்தது. டவுன் சபைப் பெண்கள் சங்கத்தை நடத்தும் வயலட் டீச்சர் முன்னால் இறங்கினார். பின்னால் சங்கத்துப் பெண்கள். கடைசியாக, தலையைக் குனிந்தபடி ஓர் இளம்பெண்.

"இது எம் மருமக," என்றார் டீச்சர். "தாய் தகப்பன் இல்லாத புள்ள, கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல வளந்தது. பையன் ஆசப்பட்டான். எங்க ஆளுகதான்னு சொல்லுச்சு, சேத்துக்கிட்டோம். அந்நியரச் சேத்துக்கிறதுதான ஊழியம்."

"ஆளு பாத்துச் சேத்தா அது அந்நியராக்கும்," என்று ஜக்கம்மாள் முனகினாள்.

ஜெபம் முடிந்தது. பிச்சையம்மாள் தட்டை ஏந்தி வந்தாள்.

"நாங்க உபவாசம்ல," என்றார் டீச்சர். அடுத்தவளுக்கும் உபவாசம். அதற்கடுத்தவளுக்குச் சுகர்.

"அப்ப வேன்ல முறுக்குப் பொட்டலம் பிரிஞ்சு கெடக்கே, அது டிரைவர் அண்ணனுக்கா டீச்சர்?" என்று ஜக்கம்மாள் கேட்டாள்.

தட்டு மருமகளின் முன்னால் வந்தது. பிச்சையம்மாள் அவளிடம் மட்டும் நீட்டாமல் திரும்பினாள். கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போச்சு பாவம் என்று ஜக்கம்மாள் நினைத்தாள்.

அந்தப் பெண் எழுந்து, தானே ஒரு டம்ளரை எடுத்தாள்.

"நான் குடிக்கிறேன்."

டீச்சர் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது.

"எங்க ஆளுகளுக்கு இங்க கை நீளாதே," என்றார் மெதுவாக. "ஒனக்கு மட்டும் எப்படித்தா நீளுது?"

பெண்ணின் கையிலிருந்த டம்ளர் கீழே இறங்கவில்லை, உதட்டை நோக்கி ஏறியது. குடி புள்ள, குடிச்சிரு என்று ஜக்கம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உதட்டில் படுவதற்குள் பிச்சையம்மாளின் கை அதைத் தட்டிவிட்டது. சர்பத் சேலையெல்லாம் வழிந்தது. டம்ளர் உருண்டு சுவரில் முட்டி நின்றது.

"கை பட்டுருச்சும்மா. மன்னிச்சுக்கங்க."

"எருமமாட்டுக் கை," என்று டீச்சர் சீறினார். மருமகளின் தோளைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனார். அரிசிப் பை வாசலில் கிடந்தது. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருச்சுழி ரோட்டில் ஏறி மறைந்தது.

ஜக்கம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஏண்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இம்புட்டு வருசத்துல ஒருத்தி, ஒரே ஒருத்தி, மாமியாளையே எதுத்துக்கிட்டு நம்ம வீட்ல குடிக்க வந்தா. அவுக தட்டிவிட்டாலும் ஞாயம். நீ தட்டிவிடுறியே, என்ன தெனாவட்டு ஒனக்கு?"

பிச்சையம்மாள் முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அது நான் பெத்த புள்ள, ஜக்கம்மா."