எலியா வாங்கிய காவு

"எலே எலியா, மரத்துல கை வைக்கணும்ணா மொதல்ல ஜேசிபிய என் நெஞ்சுல ஏத்து!"

கைகளை விரித்துக் குறுக்கே நின்றார் மோகனன். காரோடு கிராமத்தில் பாதிச் சனம் பல்கூடத் தேய்க்காமல் கூடிவிட்டது.

பாம்புத் தெய்வம் நாகத்தான் குடியிருக்கும் கோயில்காடு அந்தக் காவு. சுள்ளி பொறுக்கக்கூட யாரும் உள்ளே போக மாட்டார்கள். மோகனனின் குடும்பச் சொத்து. கஷ்டம் என்று சொல்லிப் போன மாதம்தான் பக்கத்து வீட்டு எலியாவுக்கு விற்றிருந்தார். கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன் காவை வாங்கினால் வேறென்ன செய்வான்? வெட்டிவிட்டு ரப்பர் வைப்பான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

மோகனனின் மனைவி சரசம்மா மாதாமாதம் ஆயில்ய நட்சத்திரத்தன்று தவறாமல் அங்கே பாலும் மஞ்சளும் வைக்கிறவள். மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

"அந்த மரங்கள விட்டிரு மக்கா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

எலியா பதறிப்போனான்.

"ஐயோ, எழும்புங்க அக்கா! மரத்த ஆரு வெட்டப் போறா? ரோட்டோரமா எவனெல்லாமோ கோழி வேஸ்ட் கொண்டு தட்டியிருக்கானுவ. அத வாரிட்டு, சுத்தி வேலி போடத்தான் ஜேசிபி."

"அப்போ காவு?"

"அது அங்ஙன நிக்கட்டும். அது நிக்கதனாலயாக்கும் கோடையிலயும் என் கிணத்துல தண்ணி உண்டு. நீங்க வெளக்கு வைக்க ஒரு கேட்டும் விடுதேன்."

கூட்டத்துக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எல்லாருக்கும் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மோகனன் விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்குள் வந்ததும் கதவை ஓங்கிச் சாத்தினார்.

"எலியா நல்லா இருக்கட்டும்" என்றாள் சரசம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மண்ணாங்கட்டி! சதிச்சிட்டான். காவு நிக்கது வரைக்கும் நம்ம முற்றத்துக்குப் பாம்பு வந்துட்டுத்தான் இருக்கும்."

சரசம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ கஷ்டம்ணு சொல்லி வித்தது? ரோட்டுல நிண்ணு தடுத்தது?"

"தடுத்தது நாகத்தான் பாக்கதுக்கு. நாம வெட்டினா தோஷம் நம்ம மக அனகாவுக்காக்கும். அவன் வெட்டி, அது அவன் பிள்ளைகளோட போட்டும்ணுதானே அவனுக்கு வித்தேன்!"