குழாயில் காற்று

“அமுக்கு” என்றான்.

கார்க் கதவில் ஒரு தட்டு கேட்டது. அமுக்கியாகிவிட்டது என்று பொருள். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் ஸ்பேனரைக் கால் சுற்று திருப்பினான். பழைய பிரேக் ஆயில் ஆறிய டீயின் நிறத்தில் விட்டு விட்டுப் பாட்டிலுக்குள் இறங்கியது. திருகை இறுக்கினான்.

“விடு.”

இரண்டு தட்டு.

பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்துத் திருக வேண்டும். அப்போதுதான் குழாயில் காற்று தங்காது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இன்று அது வசதியாகவும் இருந்தது. சீட்டில் இருந்த மனைவி காலையிலிருந்து அவனோடு பேசவில்லை.

காலையில் மாமனார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கப் போனார். “பாத்து மாமா, பிரேக் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க” என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவரும் சிரித்தார். பிறகு குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தனியாக இறங்கினார்.

முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு எது பிரேக், எது ஆக்ஸிலேட்டர் என்று சொல்லிக் கொடுத்தவர். ஸ்கூலை மூடிய பிறகு தனக்கென்று வாங்கிய ஒரே ஆடம்பரம், இந்தச் சிவப்பு நிற, பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். மகளைவிட நாலு வயது பெரியது. ‘என் மூத்த பொண்ணு’ என்பார்.

போன வருடம் அதை எதிர்வீட்டு மதிலில் மோதினார். “பிரேக்கைத்தான் மிதிச்சேன், பிடிக்கலை” என்று தோளில் கட்டோடு எல்லோரிடமும் சொன்னார். வயதானால் கால் மாறி ஆக்ஸிலேட்டரில் விழுவது சகஜம் என்றார் டாக்டர். வீட்டிலும் அதையே சொன்னார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கார் மாப்பிள்ளையிடம் வந்தது.

வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது. கார்க் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் உள்ளே ஓடியது. அவன் ஊர்ந்து அடுத்த பின் சக்கரத்துக்குப் போய்க் குழாயை மாட்டினான். சற்று நேரத்தில் கதவு மூடும் சத்தம் கேட்டது.

“தூங்கிட்டாளா?”

ஸ்பேனரைத் திருகில் பொருத்தினான்.

“சரி, பேச வேணாம். அமுக்கு.”

ஒரு தட்டு. இந்த முறை ஆயில் விட்டு விட்டு வரவில்லை. நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக இறங்கியது. கோபத்துக்கும் ஒரு பலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“விடு.”

இரண்டு தட்டு.

“காலையில அப்படிச் சொன்னது தப்பு” என்றான். “அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. குறுக்கே பேசாமக் கேளு.”

காரின் அடிவயிறு அவன் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அதைப் பார்த்தே சொன்னான்.

“உங்கப்பா தப்பா மிதிக்கலை.”

நிறுத்தினான். இனி நிறுத்த முடியாது என்று தெரிந்தது.

“மோதினதுக்கு முந்தின நாள் அவர் ஊர்ல இல்லை. ரேஸ் காருக்குப் போடுற பிரேக் குழாய் வாங்கி வச்சிருந்தேன். பழசைக் கழட்டிட்டு அதை மாட்டினேன். அவர் வந்து ஓட்டிப் பாத்து அசந்து போகட்டும்னு யாருக்கும் சொல்லலை. உன்னை மிதிக்கக் கூப்பிட்டா விஷயம் வெளியே வந்துடுமேன்னு ஒத்தை ஆளாவே காத்தை எடுத்தேன். ஒரு ரவுண்டு ஓட்டினேன், பிடிச்சுது. போதும்னு விட்டுட்டேன். காத்து முழுசாப் போகலை. அவர் பிரேக்கைத்தான் மிதிச்சிருக்கார். அது பிடிக்காமத் தரை வரைக்கும் போயிருக்கு.”

ஆயில் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

“மறுநாள் நீங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தீங்கள்ல. நான் இங்கே படுத்து மிச்சக் காத்தையும் எடுத்துட்டேன். அப்புறம்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ‘பிரேக்கு கல்லு மாதிரி இருக்கே, பெரியவர்தான் கால் மாத்தி வச்சிட்டார்’னான். நானும் தலையாட்டினேன்.”

கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் இறங்கியது. தலையைத் திருப்பக்கூட இடமில்லை.

“ரோட்டைத் தாண்டுறப்ப என் கையைப் பிடிச்சுக்குவார். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். இன்னைக்கு என்னடான்னா அதை வச்சே ஜோக் அடிக்கிறேன். த்தூ.” மூச்சை இழுத்துக்கொண்டான். “நீயே அவர்கிட்ட சொல்லிடு. அவர் முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாது.”

ஒரு தட்டு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. “கண்ணை மூடுடி ராஜாத்தி, மூடு.”

அவன் கையிலிருந்த ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மேலே சீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“என் காலை நானே நம்பாமப் போயிட்டேனே, மாப்பிள்ளே.”