இன்னொரு தடவை

எங்கள் கால் சென்டரில் எல்லோர் காதிலும் ஒரு வடிகட்டி மாட்டியிருக்கும். யார் எந்த இங்கிலீஷ் கெட்ட வார்த்தையைச் சொன்னாலும் ‘சுகர்’, ‘ஃபட்ஜ்’ என்றுதான் காதில் விழும். மேனேஜர் குணசீலன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்னைச் ‘சுகர்’ என்பார். சிரித்துக்கொள்வேன்.

போன மாதம் என் வடிகட்டி பழுதானது. அவர் வாயிலிருந்து உண்மையில் வருவது என்ன என்று அன்றுதான் கேட்டேன். செத்துப்போன என் அம்மாவைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நான் புகார் செய்யவில்லை. ஒரு மாதம் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டு மனப்பாடம் செய்தேன்.

இன்று அவருக்குப் பணி ஓய்வு விழா. முன்வரிசையில் அவர் மனைவியும் சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். விருந்தாளிகளுக்கு வடிகட்டி கிடையாது. சாருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

“சார் என்னை எப்படியெல்லாம் கூப்பிடுவார்னு அவர் வீட்டு ஆளுங்களுக்குத் தெரியணும்ல? ஒண்ணு விடாம சொல்றேன்.”

சொன்னேன். கூட வேலை பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பந்தியம்மா எழுந்து வெளியே போனார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

சார் காதிலும் வடிகட்டி இருந்தது. “பாசக்காரப் பொண்ணு! இன்னொரு தடவ சொல்லும்மா” என்று கைதட்டினார்.

சொன்னேன்.