பூட்டிய வேகனில் ஒரு மாயக்கோட்டை

ராயபுரம் யார்டில் அரிசி இறக்கிய காலி வேகனின் கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருக்கிறது. மூலைகளில் சிந்திய அரிசியைக் கூட்டி அள்ள ஏறிய நீலாவும் அவள் ஓரகத்தி ராஜாத்தியும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கவில்லை. கதவின் அடி இடுக்கில் ஒரு கோடு வெயில். அதில் தவிட்டுத் தூசி மெதுவாகச் சுழல்கிறது. எவ்வளவு கூப்பிட்டாலும், தூரத்தில் இருப்பவர்களுக்கு எட்டாதபடி இஞ்சின் இரைச்சல் குரலை விழுங்கிவிடுகிறது. வண்டி ஆந்திரத்துக் கூடூருக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் கைக்குழந்தை பாலுக்கு அழுதே துவண்டுபோகும். நீலாவின் ரவிக்கை பாலில் நனைந்திருக்கிறது.

“அழுவாதடி. இது மாயாவி கோட்டைன்னு வச்சிக்கோ,” என்று ராஜாத்தி அவள் முதுகைத் தடவுகிறாள். “மந்திரம் சொன்னாத்தான் கதவு தெறக்கும்.”

“சொல்லித் தொலையேன்.”

“சும்மா சொன்னா பலிக்குமா? கைல கீறத குடுக்கணும். கெட்டியா புடிச்சிக்கினு கீறவனுக்கு கதவே சொவராப் பூடும். அங்க அதான் சட்டம்.”

நீலா மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். மடியை அவிழ்த்து, காலையிலிருந்து சேர்த்த அரிசியைப் பிடி பிடியாக இடுக்கு வழியே வெளியே தள்ளுகிறாள்.

“அடிப்பாவி! கதைக்கி சொன்னேன்டி! ராவுக்கு இன்னாத்த பொங்குவே?”

நீலா நிறுத்துவதாக இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்த ராஜாத்தி, “தாயே, வடிவுடையம்மா” என்று முணுமுணுத்துத் தன் முறத்து அரிசியையும் இடுக்கில் சாய்க்கிறாள். வெளியே புறாக்கள் சடசடவென்று இறங்குகின்றன. ஜல்லிக்கல்லில் ஒரு காலடிச் சத்தம் நெருங்கி வந்து நிற்கிறது.

“இன்னாடா இது,” என்கிறது ஓர் ஆண்குரல், “வேகன் அரிசி கக்குது?”