காயாத கடல்

தீவின் மின்னி பே கடற்கரை வீட்டு ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு, நீலமாக இருந்த கடல் கண்ணெதிரே பச்சையாகிக்கொண்டிருக்கிறது. ஹுஸ்னா தன் முதல் எண்ணெய் ஓவியத்தின் மேல் விரலை வைக்கிறாள். போன வாரம் பூசிய நீலம் இன்னும் ஈரமாய் ஒட்டிக்கொண்டு வருகிறது. வர்ணத்தைக் காயவைக்கும் ஆளிவிதை எண்ணெய் கப்பலில் வந்து சேரும்வரை பொறுக்காமல், வர்ணத்தில் அடுக்களைத் தேங்காய் எண்ணெயைக் குழைத்திருந்தாள். "தேங்காண்ணெ எங்கயாச்சும் காயுமா? மெயின்லேண்ட் ஜஹாஜ் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல" என்கிறார் கணவர் நூருல்லா, கடைக்குக் கிளம்பியபடி. அவள் கை நிற்கவில்லை. அந்தப் பச்சை கலைவதற்குள் பிடித்துவிடும் பரபரப்பில், பழந்துணியால் நீலத்தை வழித்தெடுக்கிறாள். துணியில் தேங்காய் மணக்கிறது. தூரிகை பச்சையைத் தொடுகிறது. "காய வேணாங்க. வெளிய கடலப் பாருங்க, அது மட்டும் காஞ்சா கெடக்கு?"