மாப்பிள்ளை ஓட்டிய கார்

ஆட்டுமந்தை சாலையைக் கடக்கும்வரை கார் நின்றது. இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று மேடுகள், கல் அடுக்கிய வேலிகள், தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம்.

சேலையூர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி ஜெபராஜ் அதையெல்லாம் போனில் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி லண்டன் போன ஒரே மகள் ஜெரூஷா, லீவு போட்டுவிட்டுப் புருஷனோடு கிராமம் கிராமமாகச் சுற்றுகிறாள். மாப்பிள்ளை சாப்பிட்டாரா, குளிர் தாங்குகிறதா என்று பக்கத்திலிருந்து மனைவி ஷீலா விசாரித்தாள். கார் ஓட்டிக்கொண்டிருந்த பென்னி வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஜெரூஷாவே பதில் சொன்னாள்.

திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள் போலிருக்கிறது. ஏதோ பேச்சு தடித்தது. போன் சரிந்து காரின் கூரை மட்டும் தெரிந்தது. பளாரென்று ஓர் அறை. அடுத்து இன்னொன்று. பிரேக் கிறீச்சிட்டது, லைன் போய்விட்டது.

ஜெபராஜ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். ஷீலா பழக்கத்தில் சற்று விலகி நின்றுகொண்டாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேம்ப் ரோடு நெரிசலில் யார் யாரையோ திட்டிக்கொண்டே போனார்.

பென்னியின் அப்பா வேதசிரோமணி, மனைவி இறந்தபின் ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக இருந்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். கதவைத் திறந்து, வாங்க சம்பந்தி என்று முடிப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது.

"என் பொண்ணு மேல கை வைக்கிறானா உன் பையன்?"

மூக்குக்கண்ணாடி தெறித்துச் சுவரில் மோதியது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவரைச் சுவரோடு சாய்த்த ஜெபராஜ், கேட்டதை மூச்சு வாங்கச் சொன்னார். பூ மாதிரி வளர்த்த பிள்ளை என்றார். வேதசிரோமணி மறுக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அதுதான் ஜெபராஜை இன்னும் கொதிக்க வைத்தது.

"அப்போ இதெல்லாம் உனக்குத் தெரியும்?"

"தெரியும். வெளிய சொல்ற விஷயமில்ல சம்பந்தி. அவங்களே சரி பண்ணிக்குவாங்கன்னு இருந்துட்டேன்."

வாயிலேயே ஒரு குத்து. பெரியவர் நாற்காலியோடு சரிந்தார். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். எழுந்திருக்கப் பார்த்தவரை ஜெபராஜ் நெஞ்சில் மிதித்தார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். உள்ளே வர யாருக்கும் துணிவில்லை.

அப்போது மேஜைமேலிருந்த வேதசிரோமணியின் போன் அடித்தது. திரையில் பென்னியின் பெயர். எடுக்காதீர்கள் என்பதுபோல் கீழே கிடந்தவர் கையை நீட்டினார். ஜெபராஜ் பாய்ந்து எடுத்து, தெருவே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

நாக்கில் வந்துவிட்ட வசவை அவர் துப்புவதற்குள், அந்தப் பக்கம் ஒரு விசும்பல்.

"அப்பா... அவ இன்னிக்கும் அடிச்சிட்டா."