திருகாணிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

சன்னலில் காயும் காலுறைகளைத் தாண்டி, மதிய வெயில் இரண்டாவது அண்ணனின் மடிக்கணினியில் விழுகிறது. எங்கள் விடுதி அறையில் வயது வரிசைதான் பெயர். கே ருய் இரண்டாவது, நான் நான்காவது. கேன்டீன் நூடுல்ஸ் சூப்பில் கிடந்த திருகாணியை அவன் படமெடுத்துப் போட்ட பக்கம், கல்லூரி இணையத்தில் திறக்காதபடி காலையில் தடுக்கப்பட்டுவிட்டது. இரண்டு மணிக்குள் மாணவர் ஆலோசகரிடம் ஆயிரம் எழுத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் தர வேண்டும். தவறினால் பட்டம் கிடையாது. கடிதம் தயார்தான். ஆனால் முதலில் அதே பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் தருவானாம். பெரிய உலாவி எதுவும் ஓடாத கிழட்டுக் கணினி. எடை குறைந்த சின்ன உலாவியின் அமைப்புகளைத் திறந்து, தடையைச் சுற்றிப் போக உதவும் பிராக்ஸிக் கட்டத்தில், ஷென்யாங் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக் கணினியின் முகவரியைத் தட்டுகிறான். விசிறி இருமுகிறது. பக்கம் வரவில்லை.

"அண்ணே, புள்ளியப் பாரு. முகவரியையும் சீன எழுத்து முறையிலயே அடிச்சிருக்க. புள்ளியெல்லாம் சீன முற்றுப்புள்ளி மாதிரி குட்டி வட்டமா விழுந்திருக்கு."

"வெளிய சொல்லிடாத, நாலாவதே. கணினித் துறை மானம் போயிடும்."

வட்டங்களை அழித்துப் புள்ளிகளை வைக்கிறான். பக்கம் மெல்ல மேலிருந்து இறங்குகிறது. நூடுல்ஸ் நடுவே திருகாணி மின்னுகிறது. அதன் கீழே கடிதத்தை ஒட்டுகிறான்: 'மதிப்பிற்குரிய திருகாணியே, உங்கள் குளியலைக் கலைத்தது என் குற்றம்.' படித்தவர் எண்ணிக்கை நாற்பதைத் தொடும்போது தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. ஆலோசகர் கதவைத் திறக்கிறார்.

"எழுதியாச்சா?"

கே ருய் எழுந்து நின்று, இரு கைகளாலும் தாளை நீட்டுகிறான்.

"ஆச்சு சார். உங்களுக்கு முன்னாடி நாப்பது பேர் படிச்சிட்டாங்க."